‘அக்கா, லிஸ்ட் வந்துடுச்சா?’: ஆய்வு உதவித்தொகைக்குக் காத்திருப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் பிஎச்.டி. செய்கிறவர்களில் பலர் சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகிறவர்கள். தருமபுரி பக்கம் பைசுஅள்ளியில் உள்ள அதன் மையத்திலிருந்தும் இரண்டு மாவட்டத்து அரசுக் கலைக் கல்லூரிகளிலிருந்தும் தம்பி தங்கைகள் போன் செய்வார்கள். கேட்பது பெரும்பாலும் பணத்தைப் பற்றித்தான். நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வை எழுதிவிட்டு முடிவு வராமல் தவிப்பவர்கள் ஒரு பக்கம், அதன் வழியாக வரும் ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆய்வு உதவித்தொகை கிடைத்தும் முதல் மாதப் பணம் வராமல் தவிப்பவர்கள் இன்னொரு பக்கம். ஒரே பதிலை வாட்ஸ்அப்பில் திரும்பத் திரும்பப் பேசி அனுப்பிச் சலித்துவிட்டது. அதனால் எழுதி வைக்கிறேன். நான் உதவித்தொகை வாங்கிப் படித்தவள், அவ்வளவுதான். அதிகாரி இல்லை. விதிகள் சுற்றுக்குச் சுற்று மாறும். அந்தந்த அறிவிப்பைப் படிக்காமல் என் பேச்சை மட்டும் நம்பி எதையும் செய்துவிடாதீர்கள்.

நெட் எழுதியாச்சு அக்கா. ரிசல்ட் எப்ப வரும்?

கடைசித் தேர்வு நாளிலிருந்து ஒரு மாதத்துக்கு முன்பின் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2024 டிசம்பர் சுற்றுத் தேர்வு 2025 ஜனவரி 3 தொடங்கி 27 வரை நடந்தது. மாட்டுப் பொங்கலன்று வைத்திருந்த தேர்வைத் தள்ளி வைத்ததால்தான் 27 வரை இழுத்தது. முடிவு பிப்ரவரி 22-இல் வந்தது. 2025 ஜூன் சுற்றில் தேர்வு முடிந்து மூன்று வாரத்துக்குச் சற்று மேல்தான் ஆனது.

எப்போதும் இப்படி நடக்கும் என்று சொல்ல முடியாது. 2024 ஜூன் 18-ஆம் தேதி எழுதிய தேர்வை மறுநாளே ரத்து செய்தார்கள். மறுதேர்வு ஆகஸ்ட் 21-இல் தொடங்கி செப்டம்பர் முதல் வாரம் வரை நடந்து, முடிவு அக்டோபர் 17-இல் வந்தது. ஜூனில் எழுதியவர்கள் ஐப்பசி வரை காத்திருந்தார்கள்.

முடிவு நெருங்குகிறது என்பதற்கு நம்பத்தகுந்த அறிகுறி ஒன்றுதான். முதலில் தற்காலிக ஆன்சர் கீ (விடைக்குறிப்பு) வரும், ஆட்சேபம் சொல்லச் சில நாள் கொடுப்பார்கள், பிறகு இறுதி ஆன்சர் கீ வரும். அந்த இறுதிக் கீ வந்துவிட்டால் முடிவு பக்கத்தில் வந்துவிட்டது என்று பொருள். டெலிகிராமில் ‘நாளை மாலை 5 மணிக்கு உறுதி’ என்று வருவதையெல்லாம் படித்துச் சிரித்துவிட்டு மூடி வையுங்கள்.

ஆன்சர் கீயில் ஒரு கேள்வி தப்பா இருக்கு. 200 ரூபாய் கட்டி ஆட்சேபம் சொல்லலாமா?

ஒரு கேள்விக்கு 200 ரூபாய், திரும்ப வராது. உங்கள் பதில்தான் சரி என்று காட்டப் பாடநூல் பக்கமோ பதிப்பு விவரமோ கையில் இருந்தால் கட்டுங்கள். தமிழ்ப் பாடத்தில் இலக்கண நூற்பா எண், உரையாசிரியர் பெயர், பதிப்பு ஆண்டு போன்ற கேள்விகளில் சான்று காட்டுவது எளிது. ‘எங்க சார் இப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்’ என்பது சான்று ஆகாது. இறுதிக் கீ வந்தபின் மறுமதிப்பீடு என்ற ஒன்று கிடையாது. இருக்கிற ஒரே வாசல் இதுதான்.

எவ்வளவு மார்க் எடுத்தா ஜே.ஆர்.எஃப். வரும்?

இந்தக் கேள்விக்கு எண்ணாகப் பதில் சொல்கிறவர் யாராக இருந்தாலும் ஊகிக்கிறார். முதல் தாளில் 50 கேள்வி, இரண்டாம் தாளில் 100 கேள்வி, மொத்தம் 300 மதிப்பெண், தவறுக்குக் கழிவு இல்லை. இதுவரை எல்லோருக்கும் தெரியும். அதற்குப் பிறகு கட்-ஆஃப் பாடத்துக்குப் பாடம், இடஒதுக்கீட்டுப் பிரிவுக்குப் பிரிவு, சுற்றுக்குச் சுற்று மாறுகிறது. இரண்டு தாளும் எழுதியவர்களில் 6 சதவீதம் பேரை உதவிப் பேராசிரியர் தகுதிக்கு எடுப்பார்கள். ஜே.ஆர்.எஃப். அதைவிடக் குறுகலான வாசல்.

2024 ஜூன் சுற்றில் தேர்வறைக்கு வந்தவர்கள் 6,84,224 பேர். ஜே.ஆர்.எஃப். பெற்றவர்கள் 4,970 பேர். நூற்றில் ஒருவர்கூட இல்லை. பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. கிடைக்காதவர் முட்டாள் என்று ஊரில் யாராவது சொன்னால் இந்த இரண்டு எண்ணையும் எடுத்துக் காட்டுங்கள்.

ஸ்கோர் கார்டுல ‘பிஎச்.டி. சேர்க்கைக்கு மட்டும்’னு போட்டிருக்கு. பாஸா, ஃபெயிலா?

2024 ஜூன் முதல் நெட் முடிவு மூன்று வகையாக வருகிறது. ஜே.ஆர்.எஃப். மற்றும் உதவிப் பேராசிரியர் தகுதி என்பது ஒன்று. உதவிப் பேராசிரியர் தகுதியும் பிஎச்.டி. சேர்க்கையும் என்பது இரண்டாவது. பிஎச்.டி. சேர்க்கைக்கு மட்டும் என்பது மூன்றாவது. உங்களுக்குக் கிடைத்திருப்பது மூன்றாவது. பல்கலைக்கழகச் சேர்க்கையில் அந்த மதிப்பெண்ணைக் காட்டலாம், ஓராண்டு செல்லும். அதை வைத்து ஜே.ஆர்.எஃப். உதவித்தொகையும் வராது, ஆசிரியர் வேலைக்கும் போக முடியாது. ஊரில் ‘நெட் பாஸ்’ என்று ஃபிளக்ஸ் வைக்கும் முன் மாமாவிடம் இதைச் சொல்லிவிடுங்கள்.

ஜே.ஆர்.எஃப். வந்துடுச்சு! மாசம் எவ்வளவு?

வாழ்த்துகள். 2023 ஜனவரி 1 முதல் மாதம் 37,000 ரூபாய். முதல் இரண்டு ஆண்டு இந்தத் தொகை. பிறகு ஒரு குழு உங்கள் வேலையைப் பார்த்துப் பரிந்துரைத்தால் எஸ்.ஆர்.எஃப். என்ற முதுநிலை உதவித்தொகையாகி 42,000 ரூபாய். மொத்தம் 5 ஆண்டு வரை.

இதற்கு மேல் வீட்டு வாடகைப்படி உண்டு. விடுதியில் இடம் கொடுத்திருந்தால் அது கிடையாது. வாடகைப்படி ஊரின் வகையைப் பொறுத்தது. சேலம் ‘ஒய்’ வகை நகரம். தருமபுரியும் கிருஷ்ணகிரியும் ‘இசட்’. அதனால் சேலம் வளாகத்தில் இருக்கும் உங்கள் தோழிக்கு வருவது உங்களுக்கு வராது. கணக்கில் தப்பு என்று நினைத்துப் பல்கலைக்கழகத்துக்குப் படையெடுக்க வேண்டாம். தருமபுரியில் வீட்டு வாடகை ஒன்றும் சேலத்தைவிடப் பாதியாகிவிடவில்லை என்பது வேறு கதை, அதைக் கேட்க ஆள் இல்லை.

கன்டின்ஜென்சி, அதாவது ஆய்வுச் செலவுக்கான தொகை, தனி. கலைப் பாடங்களுக்கு முதல் இரண்டு ஆண்டு வருடத்துக்கு 10,000, பிறகு 20,500. அறிவியலுக்கு 12,000, பிறகு 25,000. புத்தகம், ஜெராக்ஸ், களப்பயணம் எல்லாம் இதற்குள். அரூர் பக்கம் நடுகல் தேடி ஊர் ஊராக வண்டியில் அலைகிறவருக்கு 10,000 என்பது பெட்ரோலுக்கும் டீக்கும் சரியாகிவிடும். பில் இல்லாமல் ஒரு ரூபாய் வாங்க முடியாது. பயணத்துக்கு முன் கைடிடம் எழுத்தில் அனுமதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். போய்வந்து கேட்டால் நல்ல மனிதரான கைடுகூடத் தயங்குவார்.

ரிசல்ட் வந்து மாசக்கணக்கா ஆச்சு. இன்னும் ஒரு பைசா வரலையே, ஏன்?

அதிகம் வரும் கேள்வி இதுதான். கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும்.

நம் ஆட்கள் முடிவு வரும் நாளைத்தான் காத்திருப்பின் கடைசி நாள் என்று நினைக்கிறார்கள். உண்மையில் அன்றைக்குத்தான் இரண்டாவது காத்திருப்பு தொடங்குகிறது. மதிப்பெண் வருகிற நாள் வேறு, உதவித்தொகை தருகிறோம் என்ற அவார்டு லெட்டர் வருகிற நாள் வேறு, ஆய்வில் சேர்ந்ததற்கான அறிக்கையைப் பல்கலைக்கழகம் ஏற்கிற நாள் வேறு, வங்கித் தளத்தில் உங்கள் பெயர் ஏறுகிற நாள் வேறு, பணம் கணக்கில் விழுகிற நாள் வேறு. முதல் இரண்டும் டெல்லியின் கையில். நடுவில் உள்ளவை உங்கள் கையிலும் பல்கலைக்கழகத்தின் கையிலும். தாமதம் பெரும்பாலும் இந்த நடுவில்தான் விழுகிறது. டெல்லியைத் திட்டிக்கொண்டே சேலத்தில் கிடக்கும் ஃபைலை மறந்துவிடுகிறோம்.

யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) பணம் கனரா வங்கியின் உதவித்தொகைத் தளம் வழியாக நேரே உங்கள் கணக்குக்கு வருகிறது. அந்தத் தளத்தில் பல்கலைக்கழகத்தின் சார்பில் இரண்டு பேர் இருப்பார்கள். ஒருவர் மேக்கர், இன்னொருவர் செக்கர். உங்கள் விவரத்தை மேக்கர் ஏற்ற வேண்டும், செக்கர் ஒப்ப வேண்டும். ஒருமுறை செய்தால் முடிந்தது என்று இல்லை. மாதாமாதம் இவர் தொடர்ந்து ஆய்வு செய்கிறார் என்று உறுதி செய்ய வேண்டும். மேக்கர் விடுப்பில் போனாலும், செக்கர் மாற்றலாகிப் போனாலும், துறைத்தலைவர் கையெழுத்துப் போட்ட தாள் மேசையில் தங்கிப்போனாலும் அந்த மாதம் நின்றுவிடும். நின்ற பணம் போய்விடாது, பிறகு நிலுவையாகச் சேர்ந்து வரும். ஆனால் வீட்டு வாடகை நிலுவைக்குக் காத்திருக்காது.

செய்ய வேண்டியது என்ன? உங்கள் பல்கலைக்கழகத்தில் மேக்கர் யார், எந்தப் பிரிவில் உட்காருகிறார் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். பைசுஅள்ளியிலோ கல்லூரியிலோ இருக்கிறவர்கள் சேலத்துக்கு ஒரு நடை போய் நேரில் பார்த்து வருவது நல்லது. போன் எடுக்காதவர்கள்கூட நேரில் போனால் கணினியைத் திறந்து ‘இதோ இங்க நிக்குதும்மா’ என்று காட்டுவார்கள். கோபமாகப் போகாதீர்கள். அந்த இருக்கையில் இருப்பவருக்கு இது வேறு நாலு வேலையோடு சேர்ந்த ஐந்தாவது வேலை.

பேர்ல ஏதோ பொருந்தலைன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. என் பேர் என் பேர்தானே?

இனிஷியல் படுத்தும் பாடு. வடக்கில் உட்கார்ந்து படிவம் செய்கிறவருக்கு நம் ஊர்ப் பெயர் பிடிபடாது. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ‘சுமதி எம்’. நெட் விண்ணப்பத்தில் ‘எம் சுமதி’. ஆதாரில் ‘சுமதி மாதையன்’. வங்கிப் புத்தகத்தில் கல்யாணத்துக்குப் பிறகு ‘சுமதி முருகேசன்’. நான்கும் ஒரே பெண். தளத்துக்கு நான்கு பேர்.

முடிவுக்குக் காத்திருக்கும் நாட்களில் நகத்தைக் கடிப்பதற்குப் பதில் செய்யக்கூடிய உருப்படியான வேலை இது. பத்தாம் வகுப்புச் சான்றிதழை அடிப்படையாக வைத்து ஆதாரையும் வங்கிக் கணக்கையும் அதற்குப் பொருத்துங்கள். வங்கிக் கணக்கோடு ஆதார் இணைந்திருக்கிறதா, அதுவும் அரசுப் பணம் வாங்கும் கணக்காக இணைந்திருக்கிறதா என்று கிளையில் கேளுங்கள். இரண்டு மூன்று கணக்கு வைத்திருப்பவர்களுக்குப் பணம் எந்தக் கணக்கில் விழுந்தது என்று தெரியாமல் போவதும் உண்டு. படிக்கிற காலத்தில் திறந்து மறந்துபோன கணக்கில் 100 நாள் வேலைப் பணம் போல உதவித்தொகையும் போய் உட்கார்ந்திருக்கும்.

எங்களுக்கு எம்.பி.சி. சான்றிதழ் இருக்கு. அது போதாதா?

மாநில வேலைக்குப் போதும், மத்திய அரசு உதவித்தொகைக்குப் போதாது. மத்திய அரசுக்கு ஓ.பி.சி. சான்றிதழ் வேண்டும், அதிலும் வசதியான பிரிவினர் அல்லர் என்று குறிப்பிட்டது. இ-சேவை மையத்தில் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். வருமான வரம்பு ஆண்டுக்கு 8 லட்சம். அந்தக் கணக்கில் பெற்றோரின் சம்பளமும் விவசாய வருமானமும் சேராது. பாலக்கோட்டில் தக்காளி போட்டு ஒரு போகம் நல்ல விலை கிடைத்துவிட்டதால் தகுதி போய்விடுமோ என்று ஒரு தம்பி பயந்து போன் செய்தான். போகாது. அடுத்த போகம் விலை போகாமல் சாலையில் கொட்டியதும் அந்தக் கணக்கில் வராது என்பதை அவனே சொல்லிச் சிரித்தான்.

ஜே.ஆர்.எஃப். வரலை. எஸ்.சி., ஓ.பி.சி. மாணவர்களுக்குத் தனி உதவித்தொகை இருக்காமே?

இருக்கிறது. எஸ்.சி. ஆய்வாளர்களுக்கான தேசிய உதவித்தொகையில் ஆண்டுக்கு 2,000 இடம், ஓ.பி.சி.க்கு 1,000 இடம். தொகை ஜே.ஆர்.எஃப். அளவுதான். இரண்டும் நெட் மதிப்பெண் வழியாக வருகின்றன. முன்பு யு.ஜி.சி. பார்த்துவந்த இவற்றை இப்போது சமூக நீதி அமைச்சகத்தின் கீழுள்ள நிதி மேம்பாட்டுக் கழகங்கள் பார்க்கின்றன. அதனால் இந்தப் பட்டியல் நெட் முடிவோடு சேர்ந்து வராது. 2024 ஜூன் சுற்றுக்கான எஸ்.சி. பட்டியல் 2025-இல்தான் வந்தது, வந்த பட்டியலும் பிறகு திருத்தப்பட்டது. முதல் பட்டியலைப் பார்த்துவிட்டு இனிப்பு வாங்கியவர்களும் உண்டு, அழுதவர்களும் உண்டு. தற்காலிகம் என்று மேலே போட்டிருந்தால் அதை அப்படியே நம்புங்கள்: அது தற்காலிகம்.

சிறுபான்மையினருக்கான மௌலானா ஆசாத் உதவித்தொகையைப் பற்றி இன்னும் சிலர் கேட்கிறார்கள். 2022-இல் அதை நிறுத்திவிட்டார்கள். ஏற்கெனவே வாங்கிக்கொண்டிருந்தவர்களுக்கு மட்டும் தொடர்ந்தது. கிருஷ்ணகிரி, ஓசூர் பக்கத்து முஸ்லிம் மாணவர்களில் பலருக்கு ஓ.பி.சி. வழி திறந்தே இருக்கிறது. அதைப் பாருங்கள்.

வீட்டுக்கு ஒரே பெண்ணாக இருந்தால் சாவித்ரிபாய் ஜோதிராவ் புலே உதவித்தொகை என்று யு.ஜி.சி.யில் ஒன்று உண்டு. அண்ணன் தம்பி இருக்கக் கூடாது.

நான் சித்தேரி மலை, மலையாளிப் பழங்குடிச் சமூகம். நெட் இல்லை. எனக்கு ஏதாவது வழி உண்டா?

உண்டு. இங்கே பலருக்குத் தெரியாமல் வீணாகும் வழி இதுதான்.

பழங்குடி மாணவர்களுக்கான தேசிய உதவித்தொகை, பழங்குடியினர் நல அமைச்சகம் தருவது. ஆண்டுக்கு 750 இடம். நெட் தேர்ச்சி வேண்டியதில்லை. முழுநேர பிஎச்.டி. பதிவு வேண்டும். முதுகலை மதிப்பெண்ணை வைத்து வரிசைப்படுத்துகிறார்கள். மலையாளி, இருளர், குருமன்ஸ் சமூகத்து மாணவர்கள் இரண்டு மாவட்டத்திலும் இருக்கிறார்கள். வத்தல்மலை, சித்தேரி, தேன்கனிக்கோட்டைப் பக்கத்திலிருந்து முதுகலை முடித்து வருகிற பிள்ளைகள் நெட் கிடைக்கவில்லை என்று ஓசூர் கம்பெனிக்குப் போய்விடுகிறார்கள். போகும் முன் இந்த அறிவிப்பை ஒருமுறை பாருங்கள்.

இங்கே இடிக்கிற இடம் சாதிச் சான்றிதழ். எஸ்.டி. சான்றிதழைத் தாசில்தார் தர முடியாது, கோட்டாட்சியர் அல்லது சார் ஆட்சியர் தர வேண்டும். தருமபுரி மாவட்டத்தில் தருமபுரி, அரூர். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் கிருஷ்ணகிரி, ஓசூர். விசாரணை, விளக்கம், திரும்ப விசாரணை என்று இழுக்கும். குருமன்ஸ் சமூகத்தினர் இந்தச் சான்றிதழுக்காக நடந்த நடையை ஊரில் எல்லோரும் அறிவார்கள். விண்ணப்ப அறிவிப்பு வந்த பிறகு சான்றிதழுக்கு ஓடினால் கடைசி நாள் போய்விடும். பிஎச்.டி. சேரும் முன்பே கையில் வைத்திருங்கள்.

மாநில அரசு ஒன்றும் தராதா?

தருகிறது. ஆதிதிராவிடர், பழங்குடியினர், மதம் மாறிய கிறித்துவ ஆதிதிராவிடர் சமூகத்து முழுநேர ஆய்வாளர்களுக்கு ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் ஊக்கத்தொகை உண்டு. முதலமைச்சர் ஆராய்ச்சி உதவித்தொகைக்கு ஆசிரியர் தேர்வு வாரியம் தகுதித் தேர்வு நடத்துகிறது. சமூக அறிவியல் பாடமானால் டெல்லியிலிருக்கும் இந்தியச் சமூக அறிவியல் ஆராய்ச்சிக் கழகத்தின் முனைவர் பட்ட உதவித்தொகையும் பார்க்கலாம். ஒன்றைக் கவனியுங்கள்: இரண்டு இடத்தில் ஒரே நேரத்தில் உதவித்தொகை வாங்கக் கூடாது. விண்ணப்பிப்பது தப்பில்லை. எல்லாவற்றுக்கும் போடுங்கள், வந்தபின் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.

நான் பகுதிநேரம். கல்லூரியில் கௌரவ விரிவுரையாளரா இருக்கேன். ஜே.ஆர்.எஃப். வந்தா வேலையை விட்டுடலாமா?

அவசரப்படாதீர்கள். ஜே.ஆர்.எஃப். முழுநேர ஆய்வாளருக்கு மட்டும். சம்பளமும் உதவித்தொகையும் சேர்த்து வாங்க முடியாது. அரசுக் கல்லூரிக் கௌரவ விரிவுரையாளருக்கு மாதம் 25,000 வருகிறது என்றால், 37,000 கண்ணுக்குப் பெரிதாகத்தான் தெரியும். ஆனால் பகுதிநேரத்திலிருந்து முழுநேரத்துக்கு மாறப் பல்கலைக்கழகம் உத்தரவு தர வேண்டும். கைடு சம்மதிக்க வேண்டும், ஆய்வு மையத்தில் இடம் இருக்க வேண்டும், கட்டணம் கட்ட வேண்டும். அது ஒரு வாரத்தில் நடக்கும் வேலை இல்லை.

வரிசை இப்படி இருக்கட்டும். அவார்டு லெட்டரை எடுங்கள், அதில் எந்தத் தேதிக்குள் சேர வேண்டும் என்று போட்டிருப்பதைப் பாருங்கள். மாற்றத்துக்கு விண்ணப்பியுங்கள். உத்தரவு கைக்கு வந்தபின் கல்லூரியில் பணியிலிருந்து விடுவித்த சான்று வாங்குங்கள். மறுநாளே முழுநேரமாகச் சேர்ந்து அறிக்கை கொடுங்கள். உதவித்தொகை அன்றிலிருந்து கணக்காகும். ஏற்கெனவே முழுநேரமாகப் படிக்கிறவர்களுக்கு நெட் முடிவு அறிவித்த நாளிலிருந்தே கணக்காகும், அதனால் அவர்களுக்குத் தாமதத்தால் நட்டம் குறைவு. உங்களுக்குத்தான் ஒவ்வொரு மாதமும் கணக்கு.

வேலையை விட்டபின் முதல் பணம் வரச் சில மாதம் ஆகும். அதற்குச் சேமிப்பு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வேலையை விடுங்கள்.

பணம் வரும்னு நம்பிக் கடன் வாங்கலாமா?

மீட்டர் வட்டிக்கு வாங்கவே வேண்டாம். கட்டாயம் என்றால் கூட்டுறவு வங்கியில் நகைக்கடன். பணம் நிலுவையோடு மொத்தமாக வரும்போது முதல் வேலையாக நகையை மீட்டுவிடுங்கள். மொத்தமாக 2 லட்சம் பார்த்ததும் தங்கைக்கு வண்டி வாங்கிக்கொடுத்துவிட்டு அடுத்த மாதம் வாடகைக்கு நிற்கிறவர்களை நான் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறேன்.

போன்ல ஒருத்தர் ‘உங்க ஃபெலோஷிப் சாங்ஷன் ஆயிடுச்சு, பிராசஸிங் கட்டணம் அனுப்புங்க’ன்னார்.

திருடன். துண்டித்துவிட்டு 1930-க்குச் சொல்லுங்கள். உதவித்தொகை கொடுக்க யாரும் பணம் கேட்பதில்லை. ஓ.டி.பி.யும் சொல்லாதீர்கள்.

வீட்டில் ‘இந்த முறை வரலைன்னா கல்யாணம்’னு சொல்லிட்டாங்க.

பெண் பிள்ளைகளிடமிருந்து வரும் கேள்வி. பையன்கள் யாரும் இதைக் கேட்டதில்லை. அவர்களிடம் ‘இந்த முறை வரலைன்னா பெங்களூர்’ என்று சொல்வார்களாம்.

அப்பா அம்மாவைத் தப்பாகச் சொல்ல எனக்கு வாய் வராது. ஊரில் சொந்தக்காரர் கேட்கும் கேள்விக்கு அவர்கள்தான் தினமும் பதில் சொல்கிறார்கள். ‘பொண்ணு என்ன பண்ணுது?’, ‘படிக்குது’, ‘இன்னுமா?’ இந்த உரையாடலின் மூன்றாவது வரிதான் அவர்களைக் குத்துகிறது. அதனால் அவர்களிடம் சட்டம் பேசுவதைவிட அவர்கள் வெளியே சொல்லிக்கொள்ள ஒரு பதிலைக் கையில் கொடுப்பது பலன் தரும். ‘ரிசல்ட்டுக்குக் காத்திருக்கு’ என்று சொன்னால் சும்மா இருக்கிறாள் என்று ஊருக்குக் கேட்கும். ‘பல்கலைக்கழகத்துல ஆராய்ச்சி பண்ணுது, அரசு உதவிக்கு எழுதியிருக்கு’ என்றால் வேலை செய்கிறாள் என்று கேட்கும்.

கையில் இருக்கட்டும் என்று இரண்டு தகவல். ஜே.ஆர்.எஃப். வயது வரம்பு 30, பெண்களுக்கு 5 ஆண்டு தளர்வு உண்டு. அதனால் 35 வரை எழுதலாம், ‘கடைசி வாய்ப்பு’ என்பது வீட்டார் வைத்த தேதிதான். அடுத்தது, 2022 யு.ஜி.சி. விதிப்படி பிஎச்.டி. காலத்தில் பெண்களுக்கு 240 நாள் வரை மகப்பேறு, குழந்தைப் பராமரிப்பு விடுப்பு உண்டு, முடிக்கும் காலத்திலும் கூடுதலாக 2 ஆண்டு தருகிறார்கள். கல்யாணம் ஆனால் ஆய்வு நின்றுவிடும் என்று எந்த விதியிலும் இல்லை. மாப்பிள்ளை வீட்டாரிடம் பேசும்போது இதைப் பேச வேண்டியவர் நீங்கள்தான், தரகர் பேச மாட்டார்.

அம்மா தீர்த்தமலைக்கு நேர்ந்துக்கிட்டாங்க. போகணுமா?

போய்விட்டு வாருங்கள். மலை ஏறி இறங்கும் வரை போனை எடுக்காமல் இருந்தால் வேண்டுதலில் பாதி அங்கேயே பலித்துவிடும்.

எனக்கு வரலை, கூடப் படிச்சவளுக்கு வந்துடுச்சு. அவ முகத்தைப் பார்க்க முடியல.

ஒரே அறையில், ஒரே கைடிடம் இருப்பவர்களுக்குள் இது நடக்கும். அவளுக்கும் உங்களைப் பார்க்கக் கூச்சமாகத்தான் இருக்கும். டீ வாங்கிக் கொடுக்கச் சொல்லுங்கள், முதல் பணம் வந்ததும் பிரியாணி என்று கடன் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மனசு ஆற நாள் ஆகும், ஆகட்டும். ஆனால் அவளுடைய குறிப்பேட்டையும் பழைய வினாத்தாள் கட்டையும் வாங்கி வையுங்கள். அடுத்த சுற்றுக்கு அதைவிட நல்ல கையேடு கடையில் கிடைக்காது. தேர்வு ஆண்டுக்கு இரண்டு முறை வருகிறது.

தூக்கம் வரவில்லை, சாப்பிட முடியவில்லை, எல்லாவற்றையும் முடித்துக்கொள்ளலாம் என்று தோன்றுகிறது என்றால் அது கூடப் படித்தவளைப் பற்றிய விஷயமே இல்லை. அன்றைக்கே யாரிடமாவது வாய்விட்டுச் சொல்லுங்கள். 104-க்கு அழைக்கலாம், மத்திய அரசின் டெலிமனஸ் 14416-க்கும் அழைக்கலாம், தமிழில் பேசுவார்கள்.

உதவித்தொகை இல்லாமலே பிஎச்.டி. முடிக்க முடியுமா?

முடிக்கிறார்கள். நம் ஊரில் பாதிப் பேர் அப்படித்தான். பள்ளியில் பாடம் எடுத்துக்கொண்டு, டியூஷன் நடத்திக்கொண்டு, மாங்காய்ச் சீசனில் கிருஷ்ணகிரிக் கூழ் ஆலையில் கணக்கு எழுதிக்கொண்டு. அது எளிது என்று சொல்ல மாட்டேன், பெருமை என்றும் சொல்ல மாட்டேன். பணமில்லாமல் ஆய்வு செய்வது தியாகம் என்று மேடையில் பேசுகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். வேறு வழி இல்லாததால் செய்கிறார்கள்.

செய்வதென்றால் தலைப்பைச் செலவுக்கு ஏற்றபடி வையுங்கள். சென்னை ஆவணக் காப்பகத்தில் மாதக்கணக்கில் உட்கார வேண்டிய தலைப்பை விட, வீட்டிலிருந்து பேருந்தில் போய்வரக்கூடிய களம் நல்லது. இங்கே அதற்குப் பஞ்சமில்லை. ஊருக்கு ஊர் நடுகல் இருக்கிறது, தருமபுரி அருங்காட்சியகத்திலேயே ஒரு வரிசை நிற்கிறது. கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலத்தை 4,000 ஆண்டுக்கு முன் கொண்டுபோய் 2022-இல் அறிவித்த பிறகு வெளியூர்க்காரர்கள் இங்கே வருகிறார்கள். பையூர் வேளாண் ஆராய்ச்சி நிலையம் காவேரிப்பட்டணத்துக்குப் பக்கம். கேழ்வரகு, சாமை, மா எல்லாம் வாசலில். வெளியூர்க்காரர் செலவு செய்து வந்து பார்ப்பதை நீங்கள் நகரப் பேருந்தில் போய்ப் பார்க்கலாம்.

அடுத்த அறிவிப்பு வந்தா சொல்றீங்களா அக்கா?

சொல்கிறேன். ஆனால் நான் சொல்லும்வரை காத்திருக்காதீர்கள், நானும் சில நாள் பார்க்க மாட்டேன். தேசியத் தேர்வு முகமை, யு.ஜி.சி., பழங்குடியினர் நல அமைச்சகம், ஆசிரியர் தேர்வு வாரியம் இந்த நான்கின் தளத்தையும் வாரத்தில் ஒருநாள், சனிக்கிழமை என்று வைத்துக்கொண்டு திறந்து பாருங்கள். பார்க்கும்போது சான்றிதழ்களை ஸ்கேன் செய்து ஒரு ஃபோல்டரில் போட்டு வையுங்கள், கோப்பு அளவு சிறிதாக இருக்கட்டும். கடைசி நாள் இரவு தளம் திணறும்போது தொப்பூர்க் கணவாயில் பேருந்துக்குள் உட்கார்ந்து சிக்னல் தேடாதீர்கள். அங்கே வராது.